வாகனம் கேள்வி–பதில்: கதவில் கை வைக்கும் இடம் உரிந்தால்…

ஏர்வாடி முதல் தொண்டி வரை கடலோர வாசகர்கள் கேட்டவை.

கேள்வி: எட்டு வருடம் ஓடிய குடும்பக் கார். ஓட்டுநர் பக்கக் கதவில் ஆர்ம்ரெஸ்ட் ரெக்சின் உரிந்து, கறுப்புத் துகள் சட்டைக் கையில் ஒட்டுகிறது. டோர் பேடையே (கதவின் உள்பக்க மூடி) மாற்ற வேண்டும் என்கிறார்கள் கடையில். உறையை மட்டும் வீட்டிலேயே மாற்ற முடியுமா?
– வாசகர், கீழக்கரை

முடியும். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் உடையாமல் இருந்தால் போதும். உறைக்காக டோர் பேடையே மாற்றுவது, வார் அறுந்ததற்குப் புதுச் செருப்பு வாங்குகிற கதைதான்.

உரிவது எது என்று முதலில் பாருங்கள். மெல்லிய சவ்வாக உரிந்து அடியில் துணி தெரிந்தால் அது பியூ (PU, பாலியூரித்தேன்) ரெக்சின். வெப்பமும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அதன் மேல்பூச்சு சிதையும். அதனால் கடலோரத்தில் அதற்கு ஆயுள் குறைவு. விறைத்து வெடித்து, வெடித்த விளிம்பு கையைக் கீறினால் அது பிவிசி (PVC) ரெக்சின். மென்மைக்காக அதில் கலந்த எண்ணெய்ப் பொருள் வெயிலில் வெளியேறிவிட்டது என்று அர்த்தம். புதிதாகப் போட, துணி முதுகு உள்ள பிவிசி ரெக்சினையே வாங்குங்கள். பியூ கைக்கு இதம் என்பார் கடைக்காரர். இதம்தான், நம் ஊர்க் காற்றுக்குத்தான் ஆகாது.

54 அங்குல அகலத்தில் அரை மீட்டர் எடுத்தால் நான்கு கதவுக்கும் போதும். ஒன்றைக் கெடுத்தாலும் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். தடிமன் 1 மி.மீ.க்குள் இருக்கட்டும். முதுகுத் துணி பின்னல் துணியாக, இரண்டு பக்கமும் இழுத்தால் இழுபட வேண்டும். உள்ளே வைக்க 3 மி.மீ. ஈவிஏ ஃபோம் வாங்குங்கள். செருப்புச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். சாதா ஸ்பாஞ்ச் வியர்வையைக் குடித்து நாற்றமெடுக்கும். 5 மி.மீ. போட்டால் மெத்தென்று இருக்குமே என்று தோன்றும். திரும்ப மாட்டும்போது பவர் விண்டோ சுவிட்ச் தட்டு உட்காராமல் நிற்கும்போதுதான் தவறு தெரியும்.

பசைக்கு ஃபெவிகால் எஸ்ஆர் 998 போன்ற, வெப்பம் தாங்கும் ரப்பர் பசை 200 மி.லி. போதும். மரவேலைக்கான வெள்ளை ஃபெவிகால் பிளாஸ்டிக்கைப் பிடிக்காது. ஃபெவிக்விக் கண்ணாடி மாதிரி இறுகி, முழங்கை அழுத்தும்போது நொறுங்கும். கூடவே 120 எண் உப்புத்தாள், துடைக்க ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சிறு பாட்டில், உங்கள் வண்டி மாடலுக்கான டோர் பேட் கிளிப் ஏழெட்டு.

பேடைக் கழற்றி (எப்படி என்பது கீழே) மேஜையில் குப்புறப் போடுங்கள். சில வண்டிகளில் ஆர்ம்ரெஸ்ட் ஸ்க்ரூவில் நிற்கும். சிலவற்றில் பிளாஸ்டிக் முளைகளை உருக்கி அழுத்தியிருப்பார்கள். அந்த முளையின் தலையை மட்டும் பிளேடால் சீவி எடுங்கள், அடியோடு வெட்டாதீர்கள். திரும்பப் பொருத்தும்போது முளையின் நடுவில் மெல்லிய துளை போட்டு, அகலத் தலையுள்ள சின்ன ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவை முறுக்க அந்தத் தண்டு வேண்டும்.

பழைய உறையைக் கிழிக்காமல் உரியுங்கள், அதுதான் அளவு. தையல் இருந்தால் தையலைப் பிரித்துத் துண்டுகளாக்கி, செய்தித்தாளில் வைத்து வரைந்து, சுற்றிலும் 2.5 செ.மீ. கூடுதலாக வெட்டுங்கள். நைந்த பழைய ஃபோமை முழுக்கச் சுரண்டி எடுக்க வேண்டும். அதன் மேலேயே ஒட்டினால் பசை பிடிப்பது பொடியைத்தான்.

இனி, பலரும் பார்க்காமல் விடுவது. ஆர்ம்ரெஸ்ட்டின் பின்பக்கம் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பிளாஸ்டிக்கின் பெயர் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் (ABS) என்றால் பசை நன்றாகப் பிடிக்கும். பிபி (PP) என்றால் பிடிக்காது. மெழுகின் மேல் ஒட்டுவது மாதிரி. அதற்கு உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, பிபி பிளாஸ்டிக்குக்கான பிரைமர் ஒரு பூச்சு கொடுங்கள். அதோடு ரெக்சினைப் பின்பக்கம் மடித்து, 6 மி.மீ. ஸ்டேப்பிள் முள்ளால் 2 செ.மீ.க்கு ஒன்றாக அடித்துவிடுங்கள். அதைவிட நீள முள் முன்பக்கம் எட்டிப் பார்க்கும்.

ஒட்டுவதை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு முனைகளுக்கும் போங்கள். வளைவுகளில் ஹேர் டிரையரால் சூடாக்கினால் ரெக்சின் இளகி வளையும். ஆனால் பசையின் வாடை முழுக்கப் போன பிறகுதான் டிரையர், ஆவி தீப்பிடிக்கும். உள்வளைவில் மடிப்பு விழுந்தால் ‘வி’ வடிவில் வெட்டுங்கள். வெட்டு, தெரியும் விளிம்புக்கு 3 மி.மீ. முன்பே நிற்கட்டும்.

கேள்வி: இதே வேலையைச் செய்தேன். இரண்டே வாரத்தில் ஓரம் தூக்கிக்கொண்டது, நடுவில் குமிழ் வேறு. பசை போலியா?
– வாசகர், பாம்பன்

பசையைக் குறை சொல்லுமுன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

எந்தத் தண்ணீரில் துடைத்தீர்கள்? போர் தண்ணீர் உப்பாக இருந்தால், காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் நிற்கும். பசை அதைப் பிடித்துக்கொண்டு, ஈரக்காற்று பட்டதும் அதோடு சேர்ந்து கழன்றுவிடும். குடிதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காய்ந்த பின் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடையுங்கள். டேஷ்போர்டு பாலிஷ் பூசிய வண்டி என்றால் ஆல்கஹால் இரண்டு முறை. அதிலுள்ள சிலிக்கான் பசைக்குப் பரம விரோதி.

எந்த நேரத்தில் ஒட்டினீர்கள்? ரப்பர் பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடம் குளிரும். சாயங்காலக் கடல்காற்றின் ஈரம் அதில் படிந்து, பசை மேல் வெள்ளையாக ஆடை கட்டும். அப்படி வெளுத்த பசை ஒட்டியது போல இருக்கும், ஆனால் பிடிப்பு இராது. காலை பத்து மணிக்கு மேல், வெயில் சாய்வதற்குள், நிழலும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் செய்யுங்கள். கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கிற நாளில் திறந்த முற்றத்தில் வேண்டாம்.

மூன்றாவது பொறுமை. பசையை இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் விட்டுவிட வேண்டும். புறங்கையால் தொட்டால் இழுக்க வேண்டும், பசை கையோடு வரக்கூடாது. அந்தப் பதத்துக்கு முன்பே அழுத்தினால் உள்ளே மாட்டிய கரைப்பான் வெயிலில் ஆவியாகிக் குமிழாக எழும். உங்கள் நடுக் குமிழுக்கு இதுதான் காரணமாக இருக்கும். ஒட்டியபின் 24 மணி நேரம் வண்டியில் மாட்டாமல் வைத்திருங்கள். பூட்டிய காரின் உள்ளே வெயிலில் சூடு 60 டிகிரியைத் தாண்டும். இறுகாத பசை அதில் இளகி, இழுத்துக் கட்டிய ரெக்சின் ஓரத்தில் நழுவிவிடும்.

கேள்வி: டோர் பேட் கழலவே மாட்டேன் என்கிறது. ஸ்க்ரூ துருப்பிடித்து, தலை மழுங்கிவிட்டது. கழற்றினால் மழைத் தண்ணீர் உள்ளே வரும் என்றும் சொல்கிறார்கள்.
– வாசகர், மண்டபம்

சாவியை அணைத்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். சில வண்டிகளில் ஏர்பேக்குக்கான சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். இணைப்பு கழன்ற நிலையில் சாவி போட்டால் எச்சரிக்கை விளக்கு எரிந்து நின்றுவிடும்.

ஸ்க்ரூக்கள் வழக்கமாக இருக்கும் இடங்கள்: கதவை இழுக்கும் குழியின் அடியில் மூடி போட்டு ஒன்று, உள் கைப்பிடிக்குப் பின்னால் ஒன்று. துருப்பிடித்ததில் துரு இளக்கும் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு அரைமணி காத்திருங்கள். தலை மழுங்கியிருந்தால், ஸ்க்ரூ டிரைவர் முனைக்கும் தலைக்கும் நடுவே அகலமான ரப்பர் பேண்டை வைத்து அழுத்தித் திருகினால் பல நேரம் பிடித்துக்கொள்ளும். திரும்பப் போடும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவே போடுங்கள்.

ஸ்க்ரூ போனதும் சுற்றிலும் கிளிப்புகள். கீழ் மூலையிலிருந்து தொடங்குங்கள். இரும்பு ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பெயின்ட் கீறும், கீறிய இடத்தில் உப்புக்காற்று துருவைத் தொடங்கிவிடும். பிளாஸ்டிக் நெம்புகோல் இல்லையென்றால் பனைமட்டையைச் சீவி, துணி சுற்றினால் போதும். கிளிப் ஒவ்வொன்றையும் அதன் பக்கத்திலேயே கொடுத்து நெம்புங்கள். எல்லாம் விட்டதும் பேடை மேலே தூக்கினால் கண்ணாடி ஓரத்திலிருந்து விடுபடும். வெடுக்கென்று இழுக்காதீர்கள், பின்னால் சுவிட்ச் ஒயரும் கைப்பிடிக் கேபிளும் தொங்கும்.

தண்ணீர் பற்றி அவர்கள் சொன்னது பாதி உண்மை. கதவுக்குள் மழைத் தண்ணீர் எப்போதும் இறங்கும். கீழே உள்ள ஓட்டைகள் வழியாக வெளியேறும். அதை உள்ளே வராமல் தடுப்பது பேடுக்குப் பின்னால் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான். ஆர்ம்ரெஸ்ட் வேலைக்கு அதைத் தொடவே தேவையில்லை. கிழிந்துவிட்டால் பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) ஒட்டுங்கள். விட்டுவிட்டால் ஐப்பசி மழையில் தரைவிரிப்பு நனைந்து, அடித்தகடு அரிக்கும். அந்த ஓட்டைகளில் மண் அடைத்திருந்தால் கையோடு குத்திவிடுங்கள்.

எல்லாம் மாட்டிய பின் கண்ணாடி ஒரே அழுத்தில் ஏறாவிட்டால் பயப்படாதீர்கள். கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சை மேல்நோக்கிச் சில விநாடி இழுத்துப் பிடித்தால் பல வண்டிகளில் சரியாகிவிடும்.

கேள்வி: ரெக்சின் இல்லை, வெறும் பிளாஸ்டிக்தான். ஆனால் வெல்லப்பாகு மாதிரி பிசுபிசுக்கிறது.
– வாசகர், தொண்டி

மென்மைக்காக அடித்த பூச்சு ஈரத்தில் சிதைந்துவிட்டது. கழுவினால் போகாது, பவுடர் போட்டால் அப்பிக்கொள்ளும். ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரு சாண் இடமாகத் தேய்த்து, பூச்சு முழுவதையும் எடுத்துவிடுங்கள். அடியில் சாதாரணக் கறுப்புப் பிளாஸ்டிக் வரும், அது நிற்கும். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கையே கரைக்கும்.

கேள்வி: எலாஸ்டிக் வைத்த ரெடிமேட் உறையை மாட்டிவிட்டால் என்ன?
– வாசகர், ஏர்வாடி

விருந்தாளி வரும் வரை மறைக்கலாம். அடியில் மணல் புகுந்து உப்புத்தாள் மாதிரி தேய்க்கும், வியர்வை காயாது. ஓட்டுநர் கதவில் அது நழுவி சுவிட்சில் சிக்கி, கண்ணாடி ஏறிவிட்டால் ஆபத்து, குழந்தை தலையை வெளியே நீட்டியிருக்கும் நேரமாகவும் அது இருக்கலாம்.