மலை ஏறினால் டூ-ஸ்ட்ரோக் எண்டூரோ பைக் ஏன் திணறுகிறது?

கீழே நன்றாக ஓடும் 150 சிசி டூ-ஸ்ட்ரோக் எண்டூரோ (கரடுமுரடான பாதைகளுக்கான) பைக் மலைப் பந்தயத்தில் புகை கக்கித் திணறுகிறது, மெயின் ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் பெரிய துளையை, சிறிதாக்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் போதாது.

1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவு. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்கு அது தெரியாது. ஏறக்குறைய அதே அளவு பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். கலவை ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகிவிடும், பிளக் கறுத்து ஈரமாகும்.

ஆனால் மெயின் ஜெட் முழு வேலை செய்வது திராட்டில் முக்கால் பங்குக்கு மேல் திறந்தால்தான். பாறையிலும் வேர்களிலும் அவ்வளவு யார் திறக்கிறார்கள்? அங்கே குறைந்த திறப்பில் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டும், நடுத் திறப்பில் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலும்தான் ராஜா. முதலில் நீடிலைப் பிடித்திருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றுங்கள். நீடில் கீழே இறங்கி பெட்ரோல் குறையும். அப்புறம் பைலட் ஜெட்டுக்குக் காற்று விடும் ஏர் ஸ்குரூவைக் கால் சுற்று திறந்து பாருங்கள்.

கீழே இறங்கியதும் பழைய செட்டிங்குக்கு மாற்றிவிடுங்கள். லீனாக (பெட்ரோல் குறைவாக) ஓடினால் சூடு ஏறும். ஆயிலும் பெட்ரோலோடுதான் வருவதால் அதுவும் குறையும், பிஸ்டன் சிலிண்டரில் இறுகிச் சீஸ் ஆகிவிடும். நீண்ட இறக்கத்தில் திராட்டிலை மூடியே வைத்தாலும் ஆயில் குறையும்; அப்படி வைக்காமல், கிளட்சைப் பிடித்து அவ்வப்போது ஒரு முறுக்கு கொடுங்கள்.

2018 மாடலிலிருந்து கேடிஎம் 250, 300 இஎக்ஸ்சி டிபிஐ (கார்புரேட்டருக்குப் பதில் எலக்ட்ரானிக் முறையில் பெட்ரோல் பீய்ச்சும்) பைக்குகளில் இந்தத் தலைவலி இல்லை. சென்சார் காற்றழுத்தத்தைப் பார்த்துக்கொள்ளும், ஆயிலுக்கும் தனி டேங்க்.