மோகன மெட்டுக்கு கார்ட் போட்டதும் ராகம் கலைகிறது

மோகன ராக மெட்டுக்கு எஃப் மேஜர், ஜி மேஜர் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) போட்டதும் சங்கராபரண ராகம் போலக் கேட்கிறது என்கிறீர்கள். அந்த இரண்டையும் எடுத்துவிடுங்கள். நீங்கள் ஸ-வாக (ஆதார ஸ்வரமாக) வைத்திருப்பது மேற்கத்திய ஸ்வரமான சி. எஃப் கார்ட் மத்யமத்தையும் (ம), ஜி கார்டில் உள்ள பி நிஷாதத்தையும் (நி) கொண்டுவருகின்றன. மோகனத்தில் இரண்டுமே கிடையாது. இரண்டும் உள்ள சங்கராபரணம் தட்டுவது அதனால்தான்.

அந்தக் கார்டுகள் இருந்த இடத்தில் ஜி, ஏ, டி ஸ்வரங்கள் மூன்றையும் சேர்த்து வாசியுங்கள். பேஸில் (அடியில் ஒலிக்கும் தாழ்ந்த ஸ்வரத்தில்) ஜி வந்தால் அது ஜி சஸ்2, டி வந்தால் டி சஸ்4; சஸ் என்றால் கார்டின் மூன்றாம் ஸ்வரத்துக்குப் பதில் இரண்டாவதோ நான்காவதோ வருவது. ஏ மைனர் 7 தாராளமாகப் போடலாம்.

மெட்டை மியூட் செய்து மற்ற டிராக்குகளை மட்டும் கேளுங்கள். பேஸ் ஏ-யிலிருந்து சி-க்கு ஏறும்போது பி-யைத் தொடுகிறதா? பெரும்பாலும் அங்கேதான் தவறிப்போகும்.

ஆனால் சஸ் கார்டாகவே ஓடினால் பாட்டு அந்தரத்தில் நிற்கும். பல்லவி முடிவில் முழு சி மேஜர் கட்டாயம் வேண்டும்.