பழைய ஏரிக்கரை வழியே நடங்கள்

கேள்வி: ஸ்காபரோவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அவளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஒருநாள் தனியாகவே டொரொண்டோவை நடந்து சுற்றிப் பார்க்க ஆசை. வயது 63, நன்றாக நடப்பேன். சிஎன் டவரில் தொடங்கலாமா?
- ஒரு வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. 553 மீட்டர் உயர டவர், நீங்கள் போகும் வழியெல்லாம் தானே கண்ணில் படும். யூனியன் ஸ்டேஷனில் தொடங்குங்கள். கென்னடியில் சப்வே ஏறி, ப்ளூர்-யங்கில் மாறினால் போதும்.

ஸ்டேஷன் வாசலில் ஓடும் ஃபிரண்ட் தெருதான் அந்தக் காலத்து ஏரிக்கரை. அதற்குத் தெற்கே நிற்பதெல்லாம் ஒண்டாரியோ ஏரியைத் தூர்த்த நிலத்தில் எழுந்தவை. இது தெரிந்து நடந்தால்தான் இந்த ஊர் பிடிபடும்.

கிழக்கே பத்து நிமிடத்தில் பெர்சி பூங்கா. அங்கே நீரூற்றைச் சுற்றி நாய்ச் சிலைகள் தண்ணீர் பீய்ச்சும். உச்சியில் தங்க நிற எலும்பு. ஒரு பூனையும் உண்டு, தேடிப் பாருங்கள். பூங்காவைத் தாண்டித் திரும்பினால், கத்திமுனை போல் ஒடுங்கிய செங்கல் கட்டடம். விஸ்கி ஆலை முதலாளி ஜார்ஜ் கூடர்ஹாம் 1892இல் தன் அலுவலகத்துக்காகக் கட்டியது.

அடுத்து செயின்ட் லாரன்ஸ் மார்க்கெட். திங்கட்கிழமை விடுமுறை, அன்று போகாதீர்கள். சாப்பாட்டை இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மார்க்கெட்டின் முன்பகுதி 1845இல் கட்டிய நகர மன்றம் என்பது பலருக்குத் தெரியாது. அதற்காகவே நின்று பார்க்க வேண்டும். இன்னும் கால்மணி நேரம் கிழக்கே நடந்தால் கூடர்ஹாம் குடும்பத்தின் ஆலையே வந்துவிடும். 1832இல் ஏரிக்கரைக் காற்றாலையாகத் தொடங்கிய இடம். இப்போது கடைகளும் காபியும்தான். செங்கல் பாவிய தெருவில் கார் கிடையாது, நிதானமாக நடக்கலாம்.

திரும்பும்போது கால் வலித்தால் கிங் தெரு டிராமில் ஏறிவிடுங்கள். பே தெருவில் இறங்கி வடக்கே கொஞ்சம் நடந்தால் 1899இன் மணிக்கூண்டு நகர மன்றம். பக்கத்திலேயே 1965இல் திறந்த புதியது, வளைந்த இரட்டைக் கோபுரம். அதை வடிவமைத்த பின்லாந்துக்காரர் வில்யோ ரெவெல் திறப்பு விழாவுக்கு முன்பே இறந்துபோனார். எனக்கு அது தீராத வருத்தம்.

அப்புறம் பே தெருவிலேயே நேர் தெற்கே படகுத்துறைக்குப் போங்கள். வார்ட்ஸ் தீவுப் படகு குளிர்காலத்திலும் ஓடும். 1858இல் ஒரு புயல் அறுத்துப் பிரிக்கும்வரை அது தீவாகவே இருக்கவில்லை! டவரோடு சேர்த்து நகரம் முழுவதையும் படகிலிருந்தே பார்த்துவிடலாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.