குழாய்த்துண்டு இதயத்தில் இருக்கிறது, நெஞ்சைத் திறப்பார்களா?

கேள்வி: அம்மாவுக்குக் கீமோ முடிந்துவிட்டது. மருந்து ஏற்ற நெஞ்சுத் தோலுக்கடியில் வைத்திருந்த போர்ட் என்ற சின்னக் கருவியின் குழாய் உடைந்து ஒரு துண்டு இதயத்துக்குள் கிடப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தது. வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். நெஞ்சைத் திறந்துதான் எடுப்பார்களா? துண்டு மூளைக்குப் போய்விடுமா? தேங்காய் துருவியதால் உடைந்தது என்று அம்மா அழுகிறார். நேற்றிலிருந்து படபடப்பும் இருக்கிறது. பயம்தான் என்று பக்கத்து வீட்டு அக்காவின் நித்திரைக் குளிசையில் பாதி கொடுத்தேன்.
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: கடைசியில் போகிற போக்கில் எழுதினீர்களே, அந்தப் படபடப்புதான் எனக்குக் கவலை. இதயத்துக்குள் கிடக்கும் துண்டு உள்சுவரில் உரசினால் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். பயத்தால் வந்ததா, துண்டால் வந்ததா என்பதை ஈசீஜி எடுத்துத்தான் சொல்ல முடியும். வியாழன் வரை பொறுக்க வேண்டாம். எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மயக்கமோ மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அந்தப் போர்ட்டில் இனி யாரும் சேலைன்கூட ஏற்றக்கூடாது என்று போனதுமே சொல்லிவிடுங்கள். கொடுத்த குளிசையின் பெயரையும் மறைக்காதீர்கள். அடுத்தவர் குளிசையை அம்மாவுக்குக் கொடுக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது? தயவுசெய்து இனி வேண்டாம்.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். நெஞ்சைத் திறக்க வேண்டி வருவது மிக அரிது. தொடை மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்குள்ள பெரிய நாளம் வழியாக மெல்லிய குழாய் ஒன்றை எக்ஸ்ரே திரையில் பார்த்துப் பார்த்து இதயம் வரை கொண்டுபோவார்கள். அதன் நுனியில் ஒரு கம்பிச் சுருக்கு இருக்கும். சின்ன வயதில் ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணான் பிடிப்பார்களே, அதே வேலைதான். துண்டின் ஒரு முனையில் சுருக்கை மாட்டி, இறுக்கி, வந்த வழியே வெளியே இழுத்துவிடுவார்கள். 1964இலேயே உடைந்த கம்பித்துண்டு ஒன்றை இப்படி நாளத்தின் வழியே எடுத்திருக்கிறார்கள். நாள்பட்டால் துண்டு சுவரோடு ஒட்டிக்கொள்ளும், எடுப்பது கஷ்டமாகும். அதனால்தான் சும்மா விட்டுவைப்பதில்லை. அப்புறம் சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூளைக் கதை இணையத்தில் வாசித்ததாக இருக்கும். போர்ட்டின் குழாய் போய்ச் சேர்வது இதயத்தின் வலப்பக்கத்துக்கு. அங்கிருந்து வழமையான பாதை நுரையீரலுக்குத்தான், மூளைக்கு அல்ல.

தேங்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. காறை எலும்புக்கும் முதலாவது விலா எலும்புக்கும் நடுவே குழாய் மாதக்கணக்கில் நசுங்கி நசுங்கித்தான் பெரும்பாலும் அறுகிறது. ஒரு நாள் சம்பலுக்குத் துருவியதால் அறாது. வழியில் அம்மாவுக்கு இதைச் சொல்லிக்கொண்டே போங்கள்.