வாசிக்கத் தெரியாத எழுத்தை ஓவியத்தில் பார்த்து என்ன கிடைக்கப் போகிறது?

வெள்ளைக்காரன் கொண்டுவந்த எழுத்து வேறு, மண்ணின் எழுத்து வேறு என்று பிரித்துவிட்டு, எழுத்தை வைத்து வரைகிற ஓவியமெல்லாம் வெறும் அலங்காரம்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலைக்காரன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் வீட்டு ஆதாரம் (நிலப் பத்திரம்) கொல்லம் ஆண்டு 1098-இல் எழுதியது, அதாவது 1922-23. முழுக்க மலையாளம். அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நாங்கள் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், ஆதாரம் பாட்டுக்குத் தகரப்பெட்டியில் மலையாளமாகவே கிடந்தது. பாட்டா தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். "இதுல என்ன பாட்டா எழுதியிருக்கு?" என்று சின்ன வயதில் கேட்டேன். "எனக்கு எங்க மக்களே தெரியும்? ஆனா இது போச்சுன்னா நாம தெருவுலதான்" என்றார்.

திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களைப் பார்த்தபோது அந்தப் பெட்டிதான் ஞாபகம் வந்தது. கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்தவர். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக இருந்தவர். 1966-இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியவர். 1963 முதல் 'வார்த்தைகளும் குறியீடுகளும்' என்ற வரிசையை வரைந்தார். சாதகக் கட்டம், கணக்குக் குறி, ஊடே மலையாளச் சாயலில் பொடிப்பொடியாக வரிகள். பக்கத்தில் நின்ற மலையாளி நண்பனிடம் வாசிக்கச் சொன்னேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். ஒரு சொல்லும் தேறவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அல்பமான ஒரு சந்தோஷம். இந்த ஒரு எழுத்தின் முன்னால் அவனும் நானும் ஒன்று.

ஆனால் அந்நிய எழுத்து, சொந்த எழுத்து என்று நீங்கள் கோடு கிழிப்பது எங்கள் பக்கம் நிற்காது. மார்த்தாண்டம் பக்கத்துச் சிதறால் மலையில் சமணச் சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில் வெட்டியிருக்கிறது. மொழி தமிழ்தான், ஆனால் எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடாது. லிஸ்பனில் 1554-இல் அச்சிட்ட சிறு நூலில் தமிழ் முழுவதும் ரோமன் எழுத்தில் இருக்கிறது. (இன்று என் மகள் வாட்ஸப்பில் அனுப்புவதும் அதுதான்.) பிறகு 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்திலேயே அச்சானது. அதைச் செய்தவரும் போர்ச்சுகல் பாதிரியார்தான், அண்ட்ரிக் அடிகளார். மதம் பரப்பத்தான் செய்தார். அதற்காக அந்த எழுத்தை அந்நியம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

இதே கொல்லத்தில் இருந்த தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு 849-இல் கொடுத்த செப்பேட்டைப் பாருங்கள். சாசனம் வட்டெழுத்தில். சாட்சிக் கையெழுத்துகள் அரபி, பகலவி (பழைய பாரசீகம்), எபிரேய எழுத்துகளில். ஒருத்தர் போட்டதை அடுத்தவர் வாசித்திருப்பாரா என்பது சந்தேகம்தான். பணிக்கர் வரைந்த படம் மாதிரியே இருக்கும்.

போன வருஷம் குழித்துறையில் ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார் ஒருவரிடம் ஆதாரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் வாசித்து முடித்துவிட்டார். கிழக்கே ஓடை, மேற்கே வழி, தெற்கே அயனி மரம். எனக்குச் சப்பென்று போய்விட்டது. அப்படி ஒரு அயனி அங்கே நின்றதாக எங்கள் வீட்டில் யாருக்குமே தெரியாது.