மாரத்தான் கேமில் புதியவருக்கு எந்த ஷெல் சிறந்தது?

பஞ்சி (Bungie) நிறுவனத்தின் மாரத்தான் கேமில் எந்த ஷெல்லை, அதாவது தனித் திறமைகள் கொண்ட எந்தக் கதாபாத்திரத்தை, எடுத்தால் ஜெயிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இது வெறும் சண்டை கேம் இல்லை. எடுத்த பொருளோடு உயிரோடு வெளியேறினால்தான் அது உங்களுடையது. செத்தால் கொண்டுபோன துப்பாக்கியும் போய்விடும். அதனால் யாருடன் ஆடுகிறீர்கள் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

தனியாக, புதிதாக ஆடுகிறீர்களா? ரூக். சொந்தப் பொருள் எதையும் எடுத்துப் போகாமல், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்துக்குள் இறங்கும் ஷெல் இது. இழக்க ஒன்றுமில்லை என்பதால் வரைபடத்தையும் வெளியேறும் இடங்களையும் பதற்றமில்லாமல் பழகலாம். காசு சேர்ந்ததும் மாறிவிடுங்கள்.

மூன்று பேர் குழு என்றால் ஒருவர் ட்ரையாஜ் எடுப்பது நல்லது, விழுந்தவரை எழுப்ப ஆள் வேண்டுமே. ரீகான் எதிரி எங்கே என்று முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். என் கணக்கில் சுடுவதில் சுமாரானவர்களுக்கு இதுதான் பெரிய உதவி. டிஸ்ட்ராயர் கேடயத்தோடு முன்னால் நிற்கும், நேரடிச் சண்டைக்காரர்களுக்கு. மறைந்து திரியும் அசாசின் பார்க்க கெத்தாக இருக்கும், ஆனால் குழுவோடு ஒத்து ஆடாதவர் கையில் வீண். தீஃப், வேண்டல் இரண்டையும் கை பழகிய பிறகு பாருங்கள்.