ஐ.இ.எல்.டி.எஸ். வாசிப்புத் தேர்வு: எந்தக் கேள்வியை எப்போது விட்டு நகர்வது?

கேள்வி: செவிலியராகப் பணிபுரிந்துகொண்டே ஐ.இ.எல்.டி.எஸ். அகாடமிக் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். வாசிப்புப் பிரிவில் ‘நாட் கிவன்’ (கட்டுரையில் சொல்லப்படவில்லை) வகைக் கேள்விகளில் சிக்கிக்கொள்வதால், மூன்றாவது கட்டுரையில் எப்போதும் ஏழெட்டுக் கேள்விகள் எஞ்சிவிடுகின்றன. வேகமாக வாசிக்க என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: இரண்டு கட்டுரைகளை முழுமையாக முடிப்பவருக்கு வாசிப்பு வேகம் குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். விடை பிடிபடாத கேள்வியை விட்டு நகர மனம் வராததுதான் உங்கள் நேரத்தை விழுங்குகிறது. மூன்று கட்டுரைகளுக்கும் சேர்த்து 60 நிமிடங்கள், 40 கேள்விகள். எளிய கேள்விக்கும் கடினமான கேள்விக்கும் ஒரே ஒரு மதிப்பெண்தான். ஏறத்தாழ 30 விடைகள் சரியாக இருந்தாலே 7 பேண்ட் (தேர்வின் மதிப்பீட்டு நிலை) கிடைக்கும் என்பதால், சில கேள்விகளைக் கைவிட உங்களுக்குத் தாராளமாக இடமிருக்கிறது.

தலா இருபது நிமிடம் என மூன்று கட்டுரைகளுக்கும் சமமாகப் பிரிக்கும் பழக்கம் பரவலாக உண்டு. மூன்றாவது கட்டுரை பொதுவாகக் கடினமானது என்பதால், 16, 19, 23 நிமிடங்கள் எனப் பிரித்து, கடைசி 2 நிமிடங்களை விடுபட்டவற்றை நிரப்ப ஒதுக்குவதே நல்லது என்பது என் கருத்து. காகிதத் தேர்வில், கேட்டல் பிரிவுக்குத் தருவதுபோல விடைகளைப் பெயர்த்தெழுத இங்கே தனி நேரம் தரமாட்டார்கள். ஆகவே விடைத்தாளில் உடனுக்குடன் எழுதிவிடுங்கள்.

இனி ‘நாட் கிவன்’. ‘பாம்பன் பாலம் 1914இல் திறக்கப்பட்டது’ என்று கட்டுரையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘பாலம் 1920க்குப் பிறகே திறக்கப்பட்டது’ என்ற கூற்றைக் கட்டுரை மறுக்கிறது, அது ‘ஃபால்ஸ்’. ‘திட்டமிட்டதைவிட அதிகச் செலவானது’ என்ற கூற்றைப் பற்றிக் கட்டுரை வாய் திறக்கவே இல்லை. அது ‘நாட் கிவன்’. மறுக்கும் வரியை உங்களால் விரல்வைத்துக் காட்ட முடியவில்லை என்றால் ‘ஃபால்ஸ்’ எழுதாதீர்கள். இவ்வகைக் கேள்விகள் கட்டுரையின் வரிசையிலேயே வருவதால், முந்தைய விடைக்கும் அடுத்த விடைக்கும் இடைப்பட்ட வரிகளை மட்டும் இருமுறை பார்த்தால் போதும்; அங்கே இல்லாததைக் கட்டுரை முழுவதும் தேடி அலைவதில்தான் பெரும்பாலோர் நேரத்தைத் தொலைக்கிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கும்.

‘எந்தப் பத்தியில் இந்தத் தகவல் உள்ளது’ என்னும் கேள்விகளுக்கு அந்த வரிசை கிடையாது. மற்றக் கேள்விகளை முடிப்பதற்குள் கட்டுரை ஓரளவு பழகிவிடும் என்பதால், அவற்றைக் கடைசியில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. எனவே ஒரு கேள்வியை விட்டு நகரும் முன் ஊகமாகவேனும் ஒரு விடையை எழுதி, அருகில் குறியிட்டு வையுங்கள். வீட்டில் பயிற்சி செய்யும்போது ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்று வரம்பு வைத்து, மணி அடித்தவுடன் அடுத்ததற்குச் சென்றுவிடுங்கள். முதல் சில நாள்கள் மதிப்பெண் குறையக்கூடும். அதற்காக வரம்பைத் தளர்த்த வேண்டாம்.